யாரைக் கேட்டு வீடு கட்டினீர்கள்?

சம்மன் வந்த அன்று அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாளாம். செங்கல்பட்டு கோர்ட்டிலிருந்து வந்தவர் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டதற்கு, "தெரியும். இன்னாத்துக்கு?" என்றிருக்கிறாள். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாயந்திரம் நான் கல்பாக்கத்தில் குமாஸ்தா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அந்தக் கட்டு அரிசி டின்மேல் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மீன் வாசம்.

நின்றபடியே படித்தேன். அம்மா பிரதிவாதி. எங்கள் வீடு தாவா சொத்து. அதை வாதிக்குச் சொந்தம் என்று அறிவித்து, 'அத்துமீறி ஆக்கிரமித்திருக்கும்' பிரதிவாதியைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது கோரிக்கை. நான் பிறந்த வீடு அது. பிறந்ததிலிருந்து அத்துமீறிக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வாதி வேறு யாருமில்லை, பெரியய்யாவின் மகன். பெரியய்யா என்பவர் எங்கள் ஊரில் பாதிக் கழனிக்குச் சொந்தக்காரராக இருந்தவர். கழனியெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், அவர் செத்தபோது மிஞ்சியது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டின மேட்டு நிலம் மட்டும்தான். நெம்மேலியைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், ரோட்டுக்கு மேற்கே, கொஞ்சம் சவுக்கும் கொஞ்சம் தென்னையும் ஒரு பம்புசெட்டும் இருந்த நிலம். அதன் முகப்பில் எங்கள் வீடு. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் வைத்துக்கொண்டு நிலம் பார்க்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதில் ஒருவர் மகனுக்கு நல்ல விலை பேசியிருக்கிறார். ஒரே நிபந்தனை, முன்னாடி நிற்கிற வீடு இருக்கக் கூடாது.

மகனை அம்மா சின்னய்யா என்பாள். அவளைவிடப் பத்து வயது இளையவர். சென்னையில் வாடகை வீடு. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண்கள் இருந்தார்கள். இதெல்லாம் வழக்கு நடந்தபோது அம்மா அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வக்கீல் செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பின் தெருவில் ஆபீஸ் வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் படம் போட்டுச் சொல்வார். காகிதத்தில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் குட்டியாக ஒரு வீடு போட்டு, புகைபோக்கியும் வரைந்தார். எங்கள் வீட்டில் ஏது புகைபோக்கி? ஆனாலும் அவரைத் திருத்த மனமில்லை.

"பட்டா அவங்க பேர்ல. பத்திரம் அவங்க பேர்ல. நம்மகிட்ட இருக்கிறது அனுபவம் ஒண்ணுதாம்மா," என்றார். "எதிரிடை அனுபவம்னு ஒரு பாதுகாப்பு இருக்கு. ஒருத்தர் இடத்துல, அவரைக் கேக்காம, அவருக்கு எதிரா, ஊருக்கே தெரியற மாதிரி பல வருஷம் இருந்துட்டா அப்புறம் அவர் வந்து கேக்க முடியாது. ஆனா கேட்டுட்டு இருந்தா போச்சு. 'இருந்துக்கோப்பா'ன்னு அவர் சொல்லி நீங்க இருந்திருந்தா அது அனுமதி. அனுமதியில நூறு வருஷம் இருந்தாலும் எதிரிடை ஆகாது."

அம்மா அவர் வரைந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நாம திருடிக்கினோம்னு சொல்லணுமா?" என்றாள்.

"திருடலைம்மா. யாரையும் கேக்கலை. அவ்ளோதான்."

"பெரியய்யாதானே கொட்டா போட்டுக்கோன்னு சொன்னாரு."

வக்கீல் காதைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "அதை நான் கேக்கலை. நீங்களும் சொல்லலை."

எனக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் பிடித்துப்போயிற்று. சட்டத்துக்கு இது கொஞ்சம் கோணல் புத்திதான். மரியாதையாகக் கேட்டு இருந்தவனைத் துரத்தும், கேட்காமல் புகுந்தவனுக்குக் கதவைத் திறந்துவிடும். ஆனால் 'யாரையும் கேட்கவில்லை' என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கும்போது எனக்கு உடம்பு நிமிர்ந்தது. காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் பம்புசெட்டுக்குக் குறுக்குவழி. பெரியய்யா படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார், பின்னால் மகன் வருவார், சமயத்தில் விருந்தாளிகளும் வருவார்கள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, நாங்கள் தட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, எங்களுக்கு நடுவில் செருப்புக்காலோடு நடந்துபோவார்கள். போகிறபோக்கில் முருங்கைக்காய் பறித்துக்கொள்வார்கள். ஒரு நாளும் 'வரலாமா' என்று கேட்டதில்லை. நாங்கள் மட்டும் ஏன் கேட்டிருக்க வேண்டும்? கேட்டிருந்தாலும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

எதிருரை தாக்கலானது. அதற்குப் பிறகு வாய்தாக்கள். நெம்மேலியிலிருந்து திருப்போரூர், அங்கிருந்து செங்கல்பட்டு பஸ். நான் லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். டவாலி பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்போம், அடுத்த தேதி சொல்வார்கள், வெளியே வருவோம். ஆரம்பத்தில் பயமாக இருந்தது, பிறகு பேஜாராக இருந்தது, கடைசியில் பழகிவிட்டது.

பழகியதில் ஒரு சங்கடம். கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரே ஒரு சிமென்ட் பெஞ்சுதான் நிழலில் இருக்கும். வாதியும் அங்கேதான் உட்காருவார், பிரதிவாதியும் அங்கேதான் உட்காருவாள். "எதிர் பார்ட்டிகூடப் பேசாதீங்க," என்று வக்கீல் தலைதலையாய் அடித்துக்கொண்டார். அம்மா தலையாட்டிவிட்டு நேராகப் போய், "இன்னா சின்னய்யா, இருமிக்கினே கீறீங்க, மருந்து சாப்டலியா?" என்பாள். தூக்கில் இருந்து இட்லியை எடுத்து நீட்டுவாள். அவர், "வேணாம், இப்பதான் நாஸ்தா பண்ணேன்," என்பார். ஒவ்வொரு தடவையும் இப்பதான் பண்ணியிருப்பார். அவர் வயிறு இரைவது எனக்கே கேட்கும். அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. முருங்கைக்காய் மட்டும் தீட்டில்லை போலிருக்கிறது.

"ஏம்மா, நம்மளத் தெருவுல நிறுத்தப் பாக்கற ஆளுக்கு இட்லி ஒரு கேடா?" என்று பஸ்ஸில் சண்டை போடுவேன்.

"அதுக்கும் ரெண்டு பொண்ணு கீதுடி," என்பாள் அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "நெலம் வித்தாதான் கண்ணாலம். அதுவும் இன்னா பண்ணும்?"

அவர் முகத்துக்கு நேராகச் சின்னய்யா, முதுகுக்குப் பின்னால் 'அது'. அம்மாவின் மரியாதை அப்படித்தான் இருந்தது. எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான், சிரிப்பு வருவதும் அதனால்தான்.

சாட்சி விசாரணைக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க எங்கள் அடுப்படிதான் கோர்ட்டு. நான் எதிர் வக்கீல். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கரண்டியை நீட்டி, "யாரைக் கேட்டு வீடு கட்டினீர்கள்?" என்று உறுமுவேன்.

"யாரையும் கேக்கலீங்க."

"பெரியவர் அனுமதி கொடுத்தாரா?"

"குடுக்கலீங்க. நாங்களாத்தான் கட்டிக்கினோம்."

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதெல்லாம் குரல் உள்ளே போய்விடும், கை முந்தானையை முறுக்கும். ஒரு தரம், "உங்க நைனா இதைக் கேட்டா இன்னா சொல்லுவாரு?" என்றாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் சொல்வோம். அவர் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. "நைனா இருந்தா வூடு முக்கியம்னு சொல்லுவாரு," என்றேன். அம்மா குழம்புக்கு உப்புப் போட்டாள். அன்று இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

கூண்டில் ஏறும்போது கால் செருப்பைக் கழற்றி வைத்தாள். யாரும் சொல்லவில்லை. கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கண்ணை ஒரு நொடி மூடினாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் வக்கீல் கேட்டவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு எதிர் வக்கீல் எழுந்தார். வயதானவர், தேன் மாதிரிக் குரல். நான் கரண்டியோடு உறுமிப் பழக்கியதெல்லாம் வீண். அவர் உறுமவே இல்லை.

"பெரியவர் நல்ல மனுஷர்தானேம்மா?"

"அவருக்கு இன்னாங்க, நல்லாதான் இருந்தாரு."

"உங்க வீட்டுக்காரரை அந்த இடத்துல குடி வெச்சது அவர்தானே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினேன். பிறகு அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னய்யாவைப் பார்த்தாள். அவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றாள் அம்மா. "அவர்தான் சொன்னாரு. கொட்டா போட்டுக்கோன்னு."

"அதாவது அனுமதி கொடுத்தார்."

"குடுத்தாருங்க."

எங்கள் வக்கீலின் பேனா நின்றது. வீடு போயிற்று என்று நினைத்தேன். முருங்கை மரம், கிணற்றங்கரை, நைனா வைத்த நிலைக்கதவு எல்லாம் ஒரே வார்த்தையில் போயிற்று.

எதிர் வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருந்தால் உண்மையிலேயே போயிருக்கும். ஆனால் அவருக்குப் பந்தியில் பாதியில் எழுந்திருக்க மனமில்லை. எங்களுக்கு அங்கே எந்தப் பாத்தியமும் இல்லை, வெறும் வேலைக்காரர்கள் என்று அடித்துச் சொல்லி முடிக்க ஆசைப்பட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பெரியவர்கிட்ட கூலி வேலை செஞ்சவங்கதானே?"

"ஆமாங்க. கழனி வேலை. நடவு, களை, அறுப்பு எல்லாம்."

"பொங்கலுக்குப் பொங்கல் துணியும் நெல்லும் வாங்கிட்டுப் போவீங்க?"

"ஆமாங்க."

"அவர்கிட்ட வேலை செய்யறவங்கங்கற தயவுலதான் அங்க இருக்க விட்டார், இல்லையா?"

அதுவரை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"தயவு இன்னாங்க தயவு?" என்றாள். குரல் உள்ளே போகவில்லை. "ராத்திரி கரண்ட்டு எப்ப வருமோ அப்ப மோட்டார் போடணும். தோப்புல சவுக்கை எவனும் வெட்டிக்கினு போவாம பாத்துக்கணும். அதுக்கு ஆளு கிட்டத்துலயே வேணும்னு வெச்சாரு. இந்தப் பொண்ணு பொறந்து பதினாறாம் நாளு நான் களை எடுக்கப் போனேன். அவரு சொன்னாரு, நாங்க குந்தினோம். அவரு சொல்லலன்னு நான் சொல்ல மாட்டேன். சும்மா குடுத்தாருன்னும் சொல்ல மாட்டேன்."

கோர்ட்டில் பேசுவது அப்படியே பதிவாகாது. நீதிபதி அதைக் கோர்ட்டுத் தமிழாக்கித் தட்டச்சருக்குச் சொல்வார். 'நானும் என் கணவரும் வாதியின் தகப்பனாரிடம் விவசாயக் கூலிகளாக வேலை செய்து, அவருடைய அனுமதியின் பேரில் தாவா சொத்தில் வீடு கட்டிக் குடியிருந்து வந்தோம் என்றால் சரிதான்.' எதிர் வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் நான் அம்மாவை விட்டுவிட்டு வேகமாக முன்னால் நடந்தேன். அவள், "சத்தியம் வாங்கிக்கினாங்களேடி," என்றாள். நான் நடையை நிறுத்தவில்லை. டீக்கடையில் வக்கீல் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆற ஆறப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்த வருஷம்மா பொறந்த?" என்று திடீரென்று என்னைக் கேட்டார்.

சொன்னேன்.

"எங்க?"

"அந்த வூட்லதான்."

கிளாஸை வைத்துவிட்டார். "நீங்க கழனி வேலை செஞ்சவங்கன்னு என்கிட்ட ஏன் சொல்லவே இல்லை?"

ஏன் சொல்லவில்லை? அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. நைனா கடைசிக் காலத்தில் கொத்தனாராக இருந்தார். அண்ணன் படூரில் வேன் ஓட்டுகிறான். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பு பார்க்கிறேன். வெயிலில் குனிந்து நின்ற காலத்தை வீட்டுக்குள்ளேயே நாங்கள் பேசுவதில்லை. ஒருவழியாகக் கரையேறிவிட்டோம், பிறகு எதற்குச் சேற்றைக் கிளறுவது என்று இருந்துவிட்டோம். அந்தச் சேறுதான் எங்களுடைய பாத்தியம் என்று யாருக்குத் தெரியும்?

வக்கீல் டீக்கடைக்காரரிடம் ஒரு காகிதம் வாங்கி, அதிலும் ஒரு வீடு வரைந்தார். இந்தத் தடவை புகைபோக்கி இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சட்டம் வந்ததாம். விவசாயக் கூலி ஒருவர் நிலச் சொந்தக்காரரின் இடத்தில், அவர் அனுமதியோடு வீடு போட்டுக் குடியிருந்தால், அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து அந்த வீடும் அதைச் சுற்றின மனையும் குடியிருப்பவருக்கே. குடியிருப்புச் சட்டம் என்றார். அது வருவதற்கு முன்பே நான் அந்த வீட்டில் பிறந்துவிட்டேன். எதிர்த்துக்கொண்டு இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் சொல்லி இருந்தோம், அவருக்கு வேலை செய்தோம், அது போதும்.

"அதை நாம நிரூபிக்கணும்னா சாட்சிக்கு நாய் படாத பாடு படணும்," என்றார் வக்கீல். "எதிர் வக்கீலே கேட்டு, அவரே வாங்கி, பதிவும் பண்ணிக் குடுத்துட்டார்." பிறகு அம்மாவைப் பார்த்து, "சொல்லாதீங்கன்னு சொன்னதைச் சொல்லி நம்ம கேஸைக் காப்பாத்தினது நீங்க ஒருத்தர்தாம்மா," என்றார். அம்மாவுக்கு அதில் பாதி புரியவில்லை. அவர் கோபமாக இல்லை என்பது மட்டும் புரிந்தது. "டீ ஆறிப்போச்சு, வேற வாங்கிக் குடுடி," என்றாள்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. கூடுதல் எதிருரைக்கு மனு, மனுவுக்கு ஆட்சேபணை, தாலுகா ஆபீஸில் விசாரணை, மறுபடியும் வாய்தா. இதற்குள் ரோடு அகலமாகி, சுங்கச்சாவடி வந்து, ஒரு பெரிய மழையில் எங்கள் கொல்லைச் சுவர் விழுந்து, சின்னய்யாவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணமும் ஆனது. அதை அவர் அம்மாவிடம் பெஞ்சில் வைத்துத்தான் சொன்னார். பத்திரிகை கொடுக்கவில்லை, வாயால் சொன்னார். அம்மாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். எனக்கு எரிச்சல்.

தீர்ப்பு இரண்டு பக்கமும் பார்த்து வந்தது. வீடும் வாசலும் எங்களுடையது. கிணற்றை ஒட்டின தென்னங்கன்று இடத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தோம், அது கிடையாது, அவருக்குத்தான். எனக்குக் கொஞ்சம் வருத்தம். அம்மா, "அது அவருதுதானே," என்றதோடு சரி. நிலம் கேட்டு வந்தவர் எங்கள் வீட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் வழி வைத்து மீதியை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இளைய பெண்ணின் கல்யாணத்துக்கு அது உதவியிருக்கும். உதவியிருக்கட்டும் என்று அப்போது மனசார நினைத்தேன்.

எல்லை அளக்க சர்வேயர் வரும் நாள் குறித்திருந்தார்கள். அன்று காலை. சர்வேயர் சங்கிலியும் ஆளுமாகப் பின்பக்கம் தோப்பில் வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தாள். படலுக்கு வெளியே ஆள் நிற்கிற நிழல் தெரிந்தது.

சின்னய்யா. பம்புசெட்டுக்குப் போக வேண்டும், சர்வேயர் அங்கேதான் இருந்தார். எப்போதும்போலப் படலைத் தள்ளுவதற்குக் கை நீட்டியவர், கையை மடக்கிக்கொண்டார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அங்கேயே நின்றார். சுற்றிக்கொண்டு போகிறாரோ என்று பார்த்தேன். போகவில்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"உள்ள வரலாமாம்மா?" என்றார்.

நான் ஜன்னலோடு நின்றுவிட்டேன். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து, அந்தக் கேள்வியை அந்த வாயிலிருந்து அன்றுதான் கேட்கிறேன். எனக்கு அழுகை வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று தீர்ப்பன்றைக்குக்கூட வரவில்லை.

அம்மா ஆட்டுக்கல்லில் இருந்து கையை எடுக்கவில்லை. குழவியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து, முப்பது வருஷமாகச் சின்னய்யா என்று கூப்பிட்டவரை, முதல் தடவையாக அவருடைய வயதுக்குக் கூப்பிட்டாள்.

"வா தம்பி," என்றாள். "செருப்ப கால்ல போடு, முள்ளு கீது."